வெளியே பூட்டு, உள்ளே ஒரு ஆள்

மும்பை கோவண்டியில் இன்னாசிமுத்துவின் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. கதவில் கொண்டியும் நாதாங்கியும் இருக்கின்றன. பூட்டு மட்டும் வாங்கவில்லை. அந்த வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மனைவி ஏஞ்சலம்மாள் போனால், இன்னாசிமுத்து மாலைப் பூசைக்குப் போவார். மகள் லிசாவின் திருமணத்தன்று கோயிலுக்குத் தாய் மட்டும் வந்தாள். பூசை முடிந்து எல்லோரும் விருந்து நடக்கும் ஹாலுக்குப் போன பிறகு, அவள் ஆட்டோ பிடித்து வீடு திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னாசிமுத்து புதுச்சட்டையோடு வந்து மகளுக்கும் மருமகனுக்கும் நெற்றியில் சிலுவை போட்டார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். லிசா விளக்கவில்லை. சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

லிசா சிறுமியாக இருந்தபோது குடும்பம் தாராவியில் இருந்தது. இன்னாசிமுத்து அங்கே தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு வருஷம், திசையன்விளைப் பக்கத்திலுள்ள சொந்த ஊரில் மாதா கோயில் கொடியேற்றம் என்று எல்லோருமாகக் கிளம்பிப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சாலையை அகலப்படுத்த வீடுகளைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். ஆள் இருந்த வீடுகளுக்கு மாற்று வீடு கிடைத்தது. பூட்டியிருந்த கதவில் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். இன்னாசிமுத்து வருஷக்கணக்காக அலைந்தார். எந்த மேசைக்குப் போனாலும் ஒரே பதில்தான்: அங்கே யாரும் குடியிருக்கவில்லை. வீடு இடிந்தது. அதற்குப் பிறகு அவர் பூட்டைத் தொடவில்லை.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள், மற்றவர்களை வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்கிற வேலையில் போய்ச் சேர்ந்தாள். மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கப்பாதை தோண்டும் கம்பெனிக்கு, தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு வீடாகப் போய்ப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. தமிழும் இந்தியும் மராத்தியும் தெரிய வேண்டும், மேலே வந்து விழும் ஏச்சைத் தாங்கிக்கொள்ள வேண்டும். லிசாவுக்கு இரண்டும் முடிந்தது. பச்சை ஜாக்கெட்டும் வெள்ளை ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். கேம்ப்பில் அவளுக்கு 'மெட்ரோக்காரி' என்று பெயர் விழுந்தது.

புதிய தடம் அந்த இடத்தில் பூமிக்கு அடியில் போகிறது. மேலே பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. அதை ஒட்டி அதே வயதில் இன்னொன்று. இரண்டிலும் வரிசையாகக் கோலிகள். ஒற்றை அறை வீட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சுரங்கம் தோண்டும் மெஷின் அடியில் கடக்கும் ஒரு வாரம் முதல் கட்டடத்தில் யாரும் இருக்கக் கூடாது, பிறகு பக்கத்துக் கட்டடத்தில். அதைச் சொல்லத்தான் லிசா முதல் கட்டடத்தின் வாசலில் மைக்கோடு நின்றாள்.

"எல்லாருக்கும் செம்பூர்ல லாட்ஜுல ரூம் போட்டாச்சு. சாப்பாடு அங்கயே. மெஷினு போனதும் நாங்களே கொண்டாந்து விட்டுருவோம். கட்டடத்துக்கு ஒன்னும் ஆகாது, ஆடக்கூட ஆடாது."

இரண்டாம் மாடி ஆறுமுகத்தாய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள். காலையில் தெருமுனை நாக்காவில் இட்லி விற்பவள். அவள் குரல் மைக் இல்லாமலே போய்ச் சேரும்.

"ஏட்டி லிசா, ஒங்க மெஷினுக்கு எங்க கோலிக்கு அடியிலதான் பாத தெரிஞ்சுதாக்கும்? அந்தா நிக்கே டவரு, அதுக்குக் கீழ போனா என்னவாம்?"

"டவருக்கு அஸ்திவாரம் ஆழம் அத்த. மெஷினு போய் முட்டும்."

"பாத்தியளா! பூமிக்குள்ளயும் பெரிய வீட்டுக்குத்தான் மருவாதி."

கூட்டம் சிரித்தது. அவள் மகன் ஹரி, "டென்ஷன் நக்கோ அம்மா, கவலப்படாத, ஏசி ரூமு," என்றான்.

"ஏசில படுத்தா எனக்கு மூட்டு புடிச்சுக்கிடும். நீ போய் நல்லா விரிச்சுப் படு."

பின்னாலிருந்து ஒருவர், வீடு காலியாக இருக்கும்போது எவனாவது உள்ளே புகுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நான் பொறுப்பு என்றாள் லிசா. அவளுக்குச் சம்பளம் தருகிறவர்கள் அந்தச் சொல்லை அவளிடம் கொடுத்திருக்கவில்லை. கேட்டவரின் முகத்தைப் பார்த்ததும் அவளாகவே அதை எடுத்துக்கொண்டாள். நல்லெண்ணத்தில் கொடுக்கப்படும் வாக்கும் வாக்குதான். கொடுத்தவருக்கு அதைக் காப்பாற்றும் அதிகாரம் உண்டா என்பதைக் கேட்கிறவர் விசாரிப்பதில்லை.

என்ஜினீயர் நகுல் மராத்திக்காரர், அதிகம் பேசாதவர். மண்ணின் நிலவரத்தை ஒருமுறை அவளுக்கு எடுத்துச் சொன்னார். கேம்ப்புக்கு அடியில் பாதி பாறை, பாதி பழைய உப்பங்கழிச் சேறு. பாறைக்குள் மெஷின் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும். சேற்றுக்குள் நின்றால் மேலேயுள்ள மண் தளர்ந்து உட்கார ஆரம்பிக்கும், அதோடு கட்டடமும். "பாறை முடிகிற இடத்தில் உங்களைக் கேட்பேன், கட்டடம் காலியா என்று. ஆமாம் என்றால் விடுவோம். அதற்குப் பிறகு மறுபக்கம் போய்ச் சேரும்வரை என்னாலும் நிறுத்த முடியாது. அதனால் யோசித்துச் சொல்லுங்கள்."

குடும்பங்கள் பஸ் ஏறிச் செம்பூருக்குப் போயின. மறுநாள் காலை லிசா கட்டடத்துக்குள் தனியாக ஏறினாள். ஒவ்வொரு கதவிலும் பூட்டு. இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டாம் மாடியில் கருவாடு வறுக்கும் வாடை வந்தது.

ஆறுமுகத்தாயின் கதவு. வெளியே பெரிய பித்தளைப் பூட்டு தொங்கியது.

"அத்த."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"அத்த, கருவாடு தீயுது."

பிறகு கதவுக்கு மிக அருகில் குரல் வந்தது. "தீயாது. அடுப்ப அணைச்சிட்டேன்."

"சாவி எங்க?"

"ஹரிகிட்ட."

"உள்ள வச்சுப் பூட்டிட்டா போயிருக்கான்?"

"நாந்தான் பூட்டச் சொன்னேன். வெளிய பூட்டு தொங்குனா போய்ட்டாவன்னு நீங்க நெனச்சிக்கிடுவிய. பூட்ட எவனாச்சும் ஒடச்சா நான் உள்ள இருந்து கத்துவேன். ரெண்டுக்கும் வழி பண்ணியாச்சு."

"கட்டடம் ஆடுனா எப்படி வெளிய வருவிய?"

"ஆடாதுன்னு நீதானட்டி மைக்கப் புடிச்சிச் சொன்ன?"

லிசா பூட்டைப் பிடித்து இழுத்தாள். ஆறுமுகத்தாய் விடவில்லை. "ஆடாதுன்னா எங்கள எதுக்குப் போகச் சொல்லுத? ஆடும்னா ஆடாதுன்னு எதுக்குச் சொன்ன? ரெண்டுல ஒன்னச் சொல்லு, கேக்கேன்."

"ஒரு வாரந்தான அத்த."

"ஒங்கப்பாவும் ஒரு கொடியேத்தத்துக்குத்தான் போனாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தாராவியில அப்ப எங்க தெருவுலதான இருந்திய. அந்தச் செவப்புக் குறிய நாந்தான் மொதல்ல பாத்தேன். ஒங்கம்மா வந்து எறங்குனதும் எந்தோள்லதான் விழுந்து அழுதா."

லிசா கதவைவிட்டு விலகி மாடிப்படியில் உட்கார்ந்தாள். நகுலிடம் சொல்லலாம். சொன்னால் போலீஸ் வரும், பூட்டு உடையும், இழுத்து வெளியே விடுவார்கள். அது நடந்தால் பிறகு கேம்ப்பில் ஒரு கதவும் அவளுக்குத் திறக்காது. சொல்லாமல் இருந்தால் பூட்டிய அறைக்குள் ஓர் ஆளை வைத்துக்கொண்டு மெஷின் அடியில் போகும். மூன்றாவதாக ஒரு வழி அவளுக்குத் தோன்றியது: சாவியை வாங்கிவந்து, சத்தமில்லாமல் இவளை இறக்கி, பிறகு காலி என்று சொல்வது. யாருக்கும் காயமில்லாத வழி. அப்படிப்பட்ட வழி ஒன்று எப்போதும் இருக்கும் என்று நம்புவதுதான் அவளிடமிருந்த குறை.

செம்பூர் லாட்ஜில் ஹரி போர்வையைப் போர்த்திக்கொண்டு மொபைல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவியக் குடு ஹரி."

"அக்கா, பிளீஸ். அம்மா என்ன கொன்னுரும்."

"அம்மா உசுரோட இருந்தாத்தானல கொல்லும்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். முகம் சட்டென்று சின்னப் பையன் முகமாகிவிட்டது. "நீங்கதான சேஃப்னு சொன்னீங்க?"

சாவியைப் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது, "சாவி இருந்தாலும் அம்மா வராது அக்கா. அங்க ஒரு ஆள் இருந்தாத்தான் வரும்," என்றான்.

திரும்பும் வழியில் சயன் பாலத்துக்குக் கீழே ஆட்டோ நின்றுபோனது. முன்னால் டேங்கர், பின்னால் பஸ். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் போன் அடித்தது. நகுல். மெஷின் பாறை முடிவுக்கு வந்துவிட்டது. கட்டடம் காலியா?

நெரிசல் கலைந்தால் கேம்ப் பக்கம்தான். போனதும் இறக்கிவிடலாம். இன்னும் சற்று நேரத்தில் உண்மையாகப் போவதை இப்போதே சொன்னால் அது பொய்யாகுமா என்று யோசிக்கிற அளவுக்குக்கூட அவள் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"காலி சார்," என்றாள்.

கட்டட வாசலில் காவலாளி ஷகீல் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். ஏதோ கடைசிச் சோதனை என்று நினைத்திருப்பான். அவள் மாடியேறிப் பூட்டைத் திறந்தாள். ஆறுமுகத்தாய் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்க அத்த. மெஷினு கெளம்பிருச்சு."

"வீட்டுக்கு யாரு?"

"நான் இருக்கேன். நீங்க எறங்குங்க."

ஆறுமுகத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாருக்கே கத. ஊரான் வீட்டுப் பிள்ளைய உள்ள வச்சுட்டு நான் ரோட்டுல நின்னு வேடிக்க பாப்பேனாக்கும்? போறதா இருந்தா நீ போ."

"ரெண்டு பேரும் போவோம்."

"அப்ப வீட்டுக்கு யாரு?"

பேச்சு மூன்று முறை அதே இடத்துக்கு வந்து நின்றது. லிசா போனை எடுத்தாள், கையிலேயே வைத்துக்கொண்டாள். மெஷின் பாறையைத் தாண்டியிருக்கும். இப்போது உண்மையைச் சொல்லி நிறுத்த வைத்தால், மெஷின் நிற்பது சேற்றுக்குள். நேரத்தோடு சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கும் உண்மை, இப்போது சொன்னால் கட்டடத்தைச் சாய்த்துவிடும். அவள் கதவோரம் உட்கார்ந்தாள். ஆறுமுகத்தாய் தட்டில் சோறு போட்டுக் கருவாட்டை ஓரத்தில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள். லிசா தின்றாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. முதலில் உள்ளங்கால் கூசியது. பிறகு அலமாரியிலிருந்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன. குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாகச் சுருக்கம் விழுந்தது. ஆறுமுகத்தாய் சுவரில் கையை வைத்துக்கொண்டாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. லிசா கண்ணை மூடிக்கொண்டு மரியே வாழ்க ஜெபம் சொன்னாள். பாதியில் மறந்து மறுபடி தொடங்கினாள். இதைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. அவள் அங்கே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், எழுந்து போவதற்கு ஒரு நியாயம் கிடைக்காததுதான். சாயங்காலம்வரை அது நீடித்தது. ஜன்னல் மூலையில் மயிரிழை அளவு ஒரு விரிசல் விழுந்தது. அவ்வளவுதான்.

அந்த வாரம் முடிந்து குடும்பங்கள் திரும்பின. பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. யாரோ பேடா வாங்கிவந்து லிசாவின் வாயில் ஊட்டினார்கள். நகுல் போனில் பாராட்டினார். ஆறுமுகத்தாய்க்கு வாய் சும்மா இருக்கவில்லை. நாக்காவில் இட்லித் தட்டைத் திறந்த முதல் நாளே, சட்னி ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்: "மெஷினு கீழ போகும்போது நான் எங்கூட்டுக்குள்ளதான் இருந்தேன். லிசாவும் எங்கூட இருந்தா. கருவாடு தின்னுக்கிட்டு இருந்தோம்." பெருமையாகத்தான் சொன்னாள். லிசாவைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

பக்கத்துக் கட்டடத்தின் முறை வந்தபோது லிசா மைக் பிடித்தாள். இந்தமுறை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஏசவும் இல்லை. தலையாட்டினார்கள், பைகளைக் கட்டினார்கள், பஸ் ஏறினார்கள். அந்த அமைதியே அவளை உறுத்தியது.

மறுநாள் காலை மாடியேறினாள். எல்லாக் கதவிலும் பூட்டு. முதல் மாடியில் ஒரு பூட்டுக்குப் பின்னால் மொபைல் மணி அடித்துச் சட்டென்று அடங்கியது. அடுத்த கதவுக்கு அடியில் டீ வாசனை. அதற்கடுத்ததில் யாரோ இருமலை அடக்கி, அடக்க முடியாமல் இருமினார்கள். அவள் நடைபாதையின் நடுவில் நின்றாள். எத்தனை கதவுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் இருக்கலாம்.

ஒரு கதவைத் தட்டினாள். "யாரு உள்ள?"

"நாந்தாம்மா, ரஹ்மத்துல்லா." மேலப்பாளையத்துக்காரர், தனியாளாக இருந்து ஜரிகை வேலை செய்பவர். சாந்தமான குரல்.

"பாய், நீங்களுமா? வெளிய பூட்டுனது யாரு?"

"கூட வேல பாக்குத பையன். என் மச்சான் அஸாருதீனுக்கு இந்தக் கோலி மேல கண்ணும்மா. மாமனார் காலத்துலேர்ந்து இழுத்துக்கிட்டு கெடக்கு. ஒரு நா நான் இல்லன்னா அவன் வந்து உக்காந்துருவான்."

"இது சரியில்ல பாய். மண்ணு நம்ம கையில இல்ல."

"ஆறுமுகத்தாய்க்கு ஒன்னும் ஆவலயே. ஒனக்கும் ஆவலயே," என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

அப்போது போன் அடித்தது. நகுல் கேட்டார்: கட்டடம் காலியா?

ஓடிப்போய் வாங்கிவரும் ஒற்றைச் சாவி இந்தமுறை இல்லை. நடைபாதை நெடுகத் தொங்கும் பூட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவள் தொங்கவிட்டது என்று தோன்றியது.

"காலி இல்ல சார்," என்றாள்.

மெஷின் பாறையிலேயே நின்றது. மத்தியானத்துக்குள் போலீஸ் வந்தது. பூட்டுகளைக் கம்பியால் நெம்பி உடைத்தார்கள். உள்ளேயிருந்து ஒவ்வொருவராகக் கண் கூச வெளியே வந்தார்கள், ஏதோ குற்றத்தில் பிடிபட்டவர்களைப்போல. கீழே நின்ற லிசாவைத் தாண்டும்போது ஒரு பெண் காறித் துப்பினாள். ஆறுமுகத்தாயும் கூட்டத்தில் நின்றாள். "எனக்கு ஒரு நியாயம், இவங்களுக்கு ஒரு நியாயமாட்டி?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு லிசாவிடம் பதில் இருந்தது: உங்களுக்குச் செய்ததுதான் தப்பு. ஆனால் அதை அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை.

மெஷின் கடந்து போனது. கட்டடத்துக்கு எதுவும் ஆகவில்லை. ஒரு விரிசல்கூட இல்லை. அவள் சொன்னது சரியென்று காட்ட ஒரு செங்கல்லாவது பெயர்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். எதுவும் பெயராததால், சும்மா பூட்டை உடைக்க வைத்தாள் என்ற பேச்சே நிலைத்தது. விழாத கட்டடத்தைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

திரும்பி வந்தவர்கள் உடைந்த பூட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ரஹ்மத்துல்லாவின் கதவில் மட்டும் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. அவருடையது அல்ல.

அவர் சத்தம் போடவில்லை. லிசா அப்பா வீட்டுக்கு வந்திருப்பது தெரிந்து, அவளைத் தேடிக் கோவண்டிக்கு வந்தார். வாசலில் இன்னாசிமுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் அறிமுகம் கிடையாது. ரஹ்மத்துல்லா விஷயத்தைச் சொல்லி முடித்ததும் இன்னாசிமுத்து எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

"அஸாருதீன் சொல்லுதான், நான் வருஷக் கணக்கா குர்லாவுல இருக்கேனாம். கோலி காலியாவே கெடந்துச்சாம்," என்றார் ரஹ்மத்துல்லா. "பூட்டுன பையன் பயந்து எங்கயோ போய்ட்டான். அன்னிக்கு நான் உள்ள இருந்தேன்னு ஒனக்குத் தெரியும்லாம்மா? கதவுக்கு வெளிய நின்னு பேசுனியே. போலீஸ் ஸ்டேஷன்ல வந்து அத மட்டும் சொன்னாப் போதும்."

அவர் போன பிறகு இன்னாசிமுத்து மகளிடம், "எனக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் கெடைக்கல," என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஸ்டேஷனில் சிறிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். ஒரு பக்கம் அஸாருதீனும் அவன் வக்கீலும்; மறுபக்கம் ரஹ்மத்துல்லா. கம்பெனி சார்பில் நகுலை வரச் சொல்லியிருந்தார்கள்; அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். லிசா பச்சை ஜாக்கெட்டோடு வந்திருந்தாள். பேச்செல்லாம் இந்தியில் நடந்தது.

அன்று காலை கதவைத் தட்டியதாகவும், ரஹ்மத்துல்லா உள்ளேயிருந்து பேசியதாகவும் அவள் சொன்னாள். இன்ஸ்பெக்டர் வக்கீலைப் பார்த்தார்.

வக்கீல் கோபப்படவில்லை. கேம்ப்பில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "இதற்கு முந்தைய கட்டடத்திலும் நீங்கள்தானே பார்த்துச் சொன்னீர்கள்?"

"ஆமாம்."

"அன்றைக்குக் காலி என்று சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"காலியாக இருந்ததா?"

இல்லை என்றால், நேரத்துக்கு ஒன்று சொல்கிறவள் என்று வக்கீல் அவளுடைய இன்றைய வார்த்தையையும் தள்ளிவிடுவார், வேலையும் போகும். ஆமாம் என்றால் வேலை நிலைக்கும். அதோடு, ஆள் இருந்த வீட்டைக் காலி என்று சொல்லும் வாய்களில் அவளுடையதும் ஒன்றாகும். அப்பா போய் நின்ற மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. தங்கள் வேலையைக் காத்துக்கொண்டவர்கள், அவ்வளவுதான். அவள் நகுலைப் பார்த்தாள். அவர் போனை மடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றாள். "ரெண்டாம் மாடியில ஒரு அம்மா இருந்தாங்க. நானும் இருந்தேன். காலின்னு பொய் சொன்னேன். அதனாலதான் அடுத்த கட்டடத்துல இத்தன பேரு உள்ள இருந்தாங்க. அதுல இவரும் ஒருத்தர்."

நகுல் எழுந்து வெளியே போனார். வக்கீல் லேசாகச் சிரித்துக் கைகளை விரித்தார், இதற்குமேல் என்ன வேண்டும் என்பதுபோல. இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்று முடியாது, திங்கட்கிழமை எல்லோரும் மறுபடி வாருங்கள், அதுவரை பூட்டு அப்படியே இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்ததும் லிசா ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து ஹெல்மெட்டுக்குள் வைத்தாள். நகுலின் கார் போய்விட்டிருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ரஹ்மத்துல்லா நாலடி தள்ளி நின்றார். ராத்திரிக்கு எங்கே படுப்பார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஒனக்கு வேல போயிரும்லாம்மா?"

"போயிரும் பாய்."

"திங்கக்கெழமையும் வருவியா?"

"வாரேன்," என்றாள்.